விட்டுவிட்டால் இரக்கமாகுமா?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பணிபுரியும் நம் வாசகர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் வரைந்திருக்கிறார். தொழுகை, நோன்பு, ஜகாத், வட்டி, வாரிசுரிமை ஆகியவை பற்றியே நமக்குக் கேள்விகள் வருவது வழக்கம். இக்கடிதமோ ஒரு சிறிய மீனைப் பற்றியது. "ஒரு மீனுக்காக இத்தனை பக்கங்களா?" என்று சிலர் எண்ணக்கூடும். எறும்பு ஒன்றின் பேச்சைக் கேட்டு நபி சுலைமான் (அலை) அவர்கள் புன்னகைத்த செய்தியைத் திருமறையில் ஓதிவரும் நாம், ஒரு மீனைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை.

கடிதத்தின் சாரம் இது: அவருடன் வேலை செய்யும் நண்பர்கள் இலையுதிர் காலம் பிறந்ததும் விடுமுறை நாட்களில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். அவரையும் அழைப்பார்கள். ஏழு வயது மகனையும் கூட்டிக்கொண்டு இவர் போவார். கிடைக்கும் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து சமைப்பதும் உண்டு. பிடித்து, படம் எடுத்து, மீண்டும் தண்ணீரில் விட்டுவிடுவதும் உண்டு. நவம்பர் மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள், நல்ல ஆழத்திலிருந்து ஒரு சிறு மீன் தூண்டிலில் ஏறியது. 10 அங்குலத்திற்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அவ்வாறே விட்டார். மீன் கீழே போகவில்லை. கண்கள் பிதுங்கி, வாய்க்குள்ளிருந்து ஏதோ தள்ளிக்கொண்டு வர, ஒருக்களித்து மிதந்தது.

"அத்தா, அது பிழைச்சுக்குமா?" என்று மகன் கேட்டிருக்கிறான்.

"பிழைச்சுக்கும்பா, நாமதான் விட்டுட்டோமே" என்று இவர் சொல்லியிருக்கிறார். சற்று நேரத்தில் ஒரு நீர்ப்பறவை வந்து அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. பையன் அதையும் பார்த்துவிட்டான், ஒன்றும் பேசவில்லை.

"சட்டப்படி விட்டேன், இரக்கப்பட்டும்தான் விட்டேன். பிறகு ஏன் என் மனம் உறுத்துகிறது? நான் என் மகனிடம் பொய் சொல்லிவிட்டேனா? இதில் குற்றம் உண்டா?" என்று அவர் கேட்கிறார்.

மனம் உறுத்துவதே ஈமானின் அடையாளங்களில் ஒன்று. அந்த உறுத்தலைத் தட்டிக் கழிக்காமல் எழுதிக் கேட்ட சகோதரருக்கு அல்லாஹ் அருள்புரிவானாக! அவருடைய கேள்விக்கு விடை காணுமுன் அந்த ஏரியையும் அந்த மீனையும் அறிந்துகொள்வது அவசியம்.

ஏரியும் பருவமும்

அவர் குறிப்பிடும் ஏரிக்கு லேக் ஃபோர்க் என்று பெயர். டல்லாஸ் நகருக்குக் கிழக்கே, சபைன் ஆற்றில் சேரும் ஓர் ஓடையின் குறுக்கே அணை கட்டி 1980-ல் உருவாக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 27,000 ஏக்கர். முன்பு அங்கு நின்ற மரங்களில் பலவற்றை வெட்டாமல் அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டார்கள். அம்மரங்களின் நிழலிலும் கிளைகளிடையேயும் கூட்டங்கூட்டமாக வாழும் மீன்களில் ஒன்றுதான் கிராப்பி. வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்று இதில் இரு வகை உண்டு. தட்டையான உடலும், காகிதம்போல் மெல்லிய வாயும் கொண்டது. இதன் சதை வெண்மையாகவும் மிருதுவாகவும் இருப்பதால், அந்நாட்டு மக்கள் விரும்பி உண்பார்கள்.

கோடைக் காலத்தில் இத்தகைய ஏரிகளில் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. வெயிலில் சூடேறிய நீர் இலேசாக மேலே நிற்கும். குளிர்ந்த நீர் கனமாகக் கீழே கிடக்கும். இரண்டும் கலப்பதில்லை. ஆகவே அடியிலுள்ள நீரில் உயிர்க்காற்று தீர்ந்துபோகிறது. மீன்கள் அங்கே போய் வாழ முடியாது.

இலையுதிர் காலத்தில் இரவுகள் குளிரத் தொடங்குகின்றன. மேல் நீர் ஆறிக் கனமாகிக் கீழே இறங்குகிறது. அடுக்குகள் உடைந்து, ஏரி முழுதும் புரண்டு கலக்கிறது. உயிர்க்காற்று அடிமட்டம் வரை சென்று சேர்கிறது. பருவத்தின் முற்பகுதியில் ஷாட் என்னும் பொடி மீன்கள் ஓடைவாய்களை நோக்கிச் செல்ல, அவற்றை இரையாகக் கொள்ளும் கிராப்பிகளும் ஆழம் குறைந்த பகுதிகளுக்குப் பின்தொடர்ந்து வருகின்றன. குளிர் முற்ற முற்ற, இப்போது திறந்துவிட்ட ஆழத்திற்கு இறங்கி, அங்கே நெருக்கமாகக் கூடி நிற்கின்றன. ஒரு கட்டளையுமின்றி, ஒரு நாட்காட்டியுமின்றி, ஒவ்வோர் ஆண்டும் இது நிகழ்கிறது. ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தில் திருமறையின் 6-வது அத்தியாயம் 38-வது வசனம் அறிவிப்பதை நாம் இங்கே நினைவுகூர வேண்டும்.

இனி, அந்த மீன் ஏன் மிதந்தது? மீனின் உடலுக்குள் ஒரு காற்றுப் பை இருக்கிறது. அது தண்ணீரில் நிலைத்து நிற்க இப்பையே உதவுகிறது. நம் கெண்டை போன்ற மீன்களுக்கு அப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. காற்று மிகுந்தால் வாய் வழியே விட்டுவிடும். கிராப்பிக்கு அக்குழாய் இல்லை. ஏறத்தாழ 33 அடி ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்காகும். அங்கிருந்து ஒரு மீனைச் சட்டென்று மேலே இழுத்தால், பையிலுள்ள காற்று இரு மடங்காக விரியப் பார்க்கிறது. உள்ளுறுப்புகள் நசுங்குகின்றன, இரைப்பை வாய் வழியே பிதுங்குகிறது, கண்கள் வெளியே தள்ளுகின்றன. அப்படிப்பட்ட மீன்களில் பல பிழைப்பதில்லை. நம் சகோதரரின் மகன் பார்த்தது இதைத்தான்.

நீர் வேட்டையின் அனுமதி

மீன் நமக்கு ஹலால் என்பதில் ஐயமேதுமில்லை. நீரில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கும் பிரயாணிகளுக்கும் பயனளிப்பதற்காக ஆகுமாக்கப்பட்டுள்ளன என்ற கருத்தை 5-வது அத்தியாயம் 96-வது வசனம் கூறுகிறது. இஹ்ராம் உடையில் இருப்பவருக்கு நிலத்து வேட்டை தடுக்கப்பட்டபோதும் நீர் வேட்டை தடுக்கப்படவில்லை. மற்றப் பிராணிகளுக்கு உள்ள அறுப்பும் மீனுக்கு விதிக்கப்படவில்லை.

அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் 300 தோழர்கள் கடற்கரைப் பக்கம் சென்ற நிகழ்ச்சியை நம் வாசகர்கள் அறிவார்கள். கையிலிருந்த பேரீச்சம்பழம் நாளொன்றுக்கு ஆளுக்கு ஒன்று என்ற அளவிற்குக் குறைந்தது, பிறகு அதுவும் தீர்ந்தது, இலைகளைத் தின்றார்கள். அந்நிலையில் கடல் ஒரு பெரிய மீனைக் கரையில் ஒதுக்கிற்று. அதை உண்டு பசியாறினார்கள். மதீனா திரும்பி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கூறியபோது, அது அல்லாஹ் உங்களுக்கு வெளிப்படுத்திய உணவு என்று பெருமானார் அவர்கள் அங்கீகரித்தார்கள். மீதமிருந்தால் தங்களுக்கும் தருமாறு கேட்டார்கள்.

இந்த அனுமதி எதற்காக என்பதைக் கவனியுங்கள். பயனுக்காக; உணவுக்காக. மீனுக்கு அறுப்பு இல்லை என்பது நமக்கு அளிக்கப்பட்ட சலுகையே தவிர, மீனுக்கு உயிரில்லை என்பதற்கு ஆதாரமன்று. அறுப்பின்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்குச் சிரமம் கொடுக்காதீர்கள் என்ற நபிமொழி எல்லாக் காரியங்களிலும் நன்முறையை வலியுறுத்தியே தொடங்குகிறது. கத்தியில்லாத இடத்திலும் அந்த நன்முறை நீங்குவதில்லை.

தேவையும் விளையாட்டும்

குறைஷி வாலிபர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன் மீது அம்பு எய்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அவ்வழியே வருவதைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று இப்னு உமர் (ரலி) கண்டித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்ற கருத்தில் ஒரு நபிமொழி நஸாயீயில் காணப்படுகிறது. மற்றோர் அறிவிப்பில், அதன் உரிமை என்னவென்று வினவப்பட்டபோது, அதை அறுத்து உண்பதே உரிமை. தலையைத் துண்டித்து எறிந்துவிடுவது கூடாது என்று விளக்கப்பட்டுள்ளது.

இங்கே ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. உண்பதைக் குருவியின் உரிமை என்று மார்க்கம் சொல்கிறது! உண்ணப்படுவது ஓர் உயிருக்கு எப்படி உரிமையாகும்? அதன் உயிர் போனதற்கு ஒரு காரணமேனும் இருக்க வேண்டும் என்பதே அதன் உரிமை. காரணமின்றிப் போன உயிர்தான் முறையிடுகிறது.

ஆகவேதான், வெறும் வேடிக்கைக்காக வேட்டையாடுவதை ஃபுகஹாக்கள் வெறுத்திருக்கிறார்கள். உண்ணும் நிய்யத்துடன் ஏரிக்குச் செல்பவர் அங்கே காற்று வாங்குவதையும், நண்பர்களுடன் மகிழ்ந்திருப்பதையும், மகனுடன் ஒரு பகலைக் கழிப்பதையும் மார்க்கம் தடுக்கவில்லை. பிடிப்பதற்காகவே பிடித்து, படமெடுத்து, எறிந்துவிட்டு, மறுபடியும் பிடிப்பது வேறு. மீனுக்கு வலி உண்டா இல்லையா என்று விஞ்ஞானிகள் வாதிட்டுக் கொண்டிருக்கட்டும். தூண்டில் ஏறிய மீன் துள்ளுவதைக் கண்ட எவரும், அது அங்கே இருக்க விரும்பவில்லை என்பதை அறிவார்.

திருப்பிவிடுதல் என்றால் என்ன?

"விட்டுவிடுகிறோமே, அது இரக்கமல்லவா?" என்பது அடுத்த கேள்வி.

ஒரு பிரயாணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று வினவி, அவற்றைத் தாயிடமே திருப்பிவிடுமாறு ஆணையிட்டார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

அங்கே திருப்பிவிட்டது இரக்கம். ஏன்? குஞ்சு தாயை அடைந்தது. தாயின் தவிப்பு தீர்ந்தது. எடுத்தது எதுவோ அது இருந்தபடியே திரும்பிச் சென்றது. நம் சகோதரர் விட்ட மீனோ திரும்பிச் செல்லவில்லை. அவர் கையிலிருந்து தண்ணீருக்குப் போயிற்று, அவ்வளவுதான். தண்ணீர் இருந்தது, தண்ணீருக்குள் போகும் சக்தி அதனிடம் இல்லை. கையைவிட்டு அகற்றுவது ஒன்று. உயிரைத் திருப்பிக் கொடுப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் நம் மனம் ஏமாந்துபோகிறது.

நாம் அன்றாடம் செய்யும் தருமங்களிலும் இது நிகழவில்லையா? கிழிந்துபோன ஆடையை ஏழைக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் என்று மகிழ்கிறோம். அவர் அதை உடுத்த முடிந்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இரக்கம் என்பது இரக்கப்பட்டவரின் உள்ளத்தில் தோன்றும் திருப்தியன்று. இரக்கம் யார் மீது காட்டப்பட்டதோ, அவரிடம் சென்று சேர வேண்டிய ஒன்று.

தேதியும் தண்ணீரும்

மத்ரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹு பாடத்தில் ஒரு விதியை உஸ்தாதுமார்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள்: சட்டம் அதன் காரணத்துடன் சுழல்கிறது; காரணம் இருந்தால் சட்டம் இருக்கும்; காரணம் நீங்கினால் சட்டமும் நீங்கும். அன்று திராட்சை ரசம் மதுவாவதையும், மது காடியாவதையும் உதாரணம் காட்டினார்கள். அதே விதியை இந்த ஏரியில் காணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது.

டெக்ஸாஸ் அரசின் பொதுவான விதி, 10 அங்குலத்திற்குக் குறைந்த கிராப்பியைத் திரும்ப விட வேண்டும். நாளொன்றுக்கு ஒருவர் 25 மீன்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதாகும். சிறியவை வளர்ந்து இனம் பெருகட்டும் என்பதே காரணம். ஆனால் இதே லேக் ஃபோர்க் ஏரிக்கு அம்மாநில வனவிலங்குத் துறை ஒரு தனி விதியை வகுத்திருந்தது. டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை அளவு பார்க்கக் கூடாது. பிடித்த கிராப்பி ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றையும் திரும்ப விடக் கூடாது! குளிர்காலத்தில் ஆழத்திலிருந்து வரும் மீன் விட்டாலும் பிழைக்காது என்பதை அறிந்ததால் இப்படி விதித்தார்கள். ஆழம் குறைந்த நீரில் விடுவது காப்பாற்றுதல். ஆழத்திலிருந்து இழுத்து விடுவது வீணாக்குதல். செயல் ஒன்றே, காரணம் மாறியது, சட்டமும் மாறியது. ஷரீஅத்தை அறியாத அதிகாரிகள் தம் அறிவைக்கொண்டு கண்ட இந்நியாயம் நம் ஃபிக்ஹின் நியாயத்துடன் ஒத்திருப்பதைப் பாருங்கள்.

இப்போது சகோதரரின் நிலையைக் கவனிப்போம். அவர் ஏரிக்குப் போனது நவம்பர் கடைசி வாரம். டிசம்பர் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே விட வேண்டும் என்பதே அன்றைய சட்டம். ஆனால் மீன்கள் தேதி பார்த்து இறங்குவதில்லை. ஏரி ஏற்கனவே புரண்டுவிட்டது. கிராப்பி ஆழத்திற்குப் போய்விட்டது. தேதி மாறவில்லை, தண்ணீர் மாறிவிட்டது. இது சட்டத்தின் குறையன்று. எந்த அரசும் நாள்தோறும் ஒவ்வோர் ஏரியையும் அளந்து சட்டம் போட இயலாது. எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும். கோட்டிற்கும் உண்மைக்கும் இடையே எஞ்சி நிற்கும் அந்தச் சில நாட்கள்தாம் மனிதனின் தக்வாவுக்கு விடப்பட்டவை.

"அப்படியானால் அந்தச் சிறிய மீனை நான் வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று அவர் கேட்கக்கூடும். இல்லை. மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கும்போது அதன் நிபந்தனைகளுக்கும் அவர் உடன்பட்டுவிட்டார். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்று 5-வது அத்தியாயத்தின் முதல் வசனமே நமக்குக் கட்டளையிடுகிறது. செய்துகொண்டவர் முஸ்லிமல்லாத அரசுடன் செய்தார் என்பதால் வாக்குறுதி இலேசாகிவிடாது. வைத்துக்கொண்டால் வாக்கை மீறியவராவார்; விட்டால் மீன் வீணாகும். இரண்டில் எது?

இரண்டுமில்லை. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. முதல் மீன் மிதந்தபோதே தூண்டிலைச் சுருட்டியிருக்கலாம். ஆழத்தை விட்டு, ஆழம் குறைந்த இடத்திற்குப் படகைத் திருப்பியிருக்கலாம். அங்கே மீன் இல்லையென்றால் வீடு திரும்பியிருக்கலாம். "எதைச் செய்வது?" என்று மட்டுமே கேட்கப் பழகிய நாம், "நிறுத்திக்கொள்வது" என்பதும் ஒரு செயல் என்பதை மறந்துவிடுகிறோம்.

தெரிந்து வந்த மீன்கள்

நிறுத்திக்கொள்ளாதவர்களின் வரலாறு ஒன்று திருமறையில் உண்டு. அதுவும் மீனைப் பற்றியதே. கடலோரத்து ஊர் ஒன்றில் வாழ்ந்த இஸ்ரவேலர்களுக்குச் சனிக்கிழமையன்று மீன்பிடி தடுக்கப்பட்டிருந்தது. அந்நாளில்தான் மீன்கள் கண்ணுக்குத் தெரிய அவர்களிடம் வந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. இது ஒரு சோதனை என்று 7-வது அத்தியாயம் 163-வது வசனம் அறிவிக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? வெள்ளியன்றே வலை விரித்து, சனியன்று விழுந்ததை ஞாயிறன்று அள்ளினார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். சட்டத்தின் எழுத்தைக் காத்தோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு நேர்ந்த கதி நாம் அறிந்ததே.

சோதனை பஞ்சத்தில் மட்டும் வருவதன்று, மிகுதியிலும் வரும். இன்று அந்த ஏரிகளில், 2018-க்குப் பின் பரவிய ஒலியலைக் கருவிகள் இருக்கின்றன. படகின் முன்னே, தண்ணீருக்கடியில் நீந்தும் மீனை அந்தக் கணத்திலேயே திரையில் காட்டுகின்றன. தூண்டில் அதன் முகத்தருகே இறங்குவதையும் காட்டுகின்றன. அன்று ஒரு நாள் மட்டும் தெரிந்த மீன்கள் இன்று எந்நாளும் தெரிகின்றன. குளிரில் ஒரே இடத்தில் குவிந்து நிற்கும் மீன்கள், கண்முன்னே தெரியும் திரை, கண்காணிப்பவர் இல்லாத நீர்ப்பரப்பு! இருபத்தைந்தா, இருபத்தாறா என்று யார் எண்ணப்போகிறார்கள்? எண்ணுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவன்தானே முஸ்லிம்?

சகோதரர் என்ன செய்யலாம்?

நமது அறிவுக்கு எட்டிய வரையில் கூறுகிறோம். உண்பதற்கென்றே நிய்யத்துச் செய்து செல்லட்டும். எத்தனை மீன் தம் குடும்பத்திற்குப் போதும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளட்டும். அரசின் எண்ணிக்கை உச்சவரம்பே தவிர, அதை நிரப்பித்தான் தீரவேண்டும் என்பதில்லை. விட வேண்டிய அளவுள்ள மீன் பிழைக்கக்கூடிய ஆழத்தில் மட்டும் தூண்டில் போடட்டும். விடும்போது கையை நனைத்துக்கொண்டு, காலம் தாழ்த்தாமல் விடட்டும். ஆழத்தில் பிடித்தால் விடவும் முடியாது, வைக்கவும் கூடாது என்ற நிலை வந்தால், அன்றைய மீன்பிடிப்பு முடிந்தது என்று கொள்ளட்டும். படத்திற்காகப் பிடிப்பதை அறவே விட்டுவிடட்டும்.

நடந்துவிட்டதற்குக் குற்றம் உண்டா என்று கேட்டார். அறியாமல் நேர்ந்தது அது, அதற்கு வருந்தினார். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. இனி அறிந்த பிறகு செய்வதுதான் கேள்விக்குரியது.

எஞ்சியிருப்பது மகனின் கேள்வி. பொய் சொன்னேனா என்று கேட்டார். சொன்னபோது அவர் அதை நம்பினார், ஆகவே பொய்யாகாது. ஆனால் இப்போது அது உண்மையல்ல என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பேசாமலிருந்தால் அந்தச் சொல் அப்படியே பிள்ளையின் உள்ளத்தில் நிற்கும். நாம் விட்டுவிட்டால் போதும், பிறகு அதற்கு என்ன ஆனாலும் நமக்குப் பொறுப்பில்லை என்று அவன் கற்றுக்கொள்வான். மீனோடு போகும் பாடமா அது? வளர்ந்தபின் வேலைக்காரரிடமும், மனைவியிடமும், முதிர்ந்த பெற்றோரிடமும் அவன் அதையே நடைமுறைப்படுத்துவான்.

ஆகவே அந்தச் சகோதரருக்கு நாம் எழுதிய பதில் சுருக்கமானது: மகனை அருகில் அமர்த்திக்கொண்டு, "அன்னைக்கு அத்தாவுக்குத் தெரியலப்பா, அது பிழைச்சிருக்காது. இனிமே அப்படிச் செய்ய மாட்டோம்" என்று சொல்லுங்கள். தந்தை தம் தவற்றை ஒப்புக்கொள்வதைக் கண்ட பிள்ளை, அல்லாஹ்விடம் தன் தவற்றை ஒப்புக்கொள்ளத் தயங்க மாட்டான்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் உண்மையான இரக்கத்தை விதைத்து, அது படைப்பினங்களைச் சென்றடையும்படி செய்வானாக! ஆமீன். யாவும் நன்கறிந்தவன் அவனே.